வலியின்றித் தேயும் சிறுநீரகம்

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள இரு சிறுநீரகங்களும், சிறுநீரகத்தி எனப்படும் பத்து இலட்சம் அளவிலான நுண்வடிகட்டிகளைத் தத்தமக்குள் கொண்டு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடித்து, அதில் ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு எஞ்சியதை உடலுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. அழிந்த சிறுநீரகத்திகள் மீண்டும் முளைப்பதில்லை; ஆனால் எஞ்சியவை அவற்றின் சுமையையும் ஏற்றுக்கொள்வதால், பாதிக்கு மேல் இழந்த ஒருவர்கூட வழக்கம்போல வயலுக்குப் போய்வருகிறார். இந்த வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கி மூன்று மாதங்களுக்கு மேலும் அவ்வாறே நீடிக்குமாயின் அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படும். 15க்கும் கீழே இறங்குவது அதன் ஐந்தாவது, அதாவது இறுதி நிலையாகும்.

உலகின் பெரும்பகுதியில் இந்நோய்க்கு நீரிழிவும் உயர் குருதி அமுக்கமுமே தலையாய காரணங்களாக இருக்க, 1990களில் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் இவ்விரண்டும் இல்லாத விவசாயிகளிடையே நோய் பரவலாகக் காணப்பட்டதால், ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்ற தனிப் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. மாகாண எல்லை வரைபடத்தில்தான் உண்டு. மதவாச்சியைக் கடந்தால் வவுனியா, பதவியாவை அடுத்து முல்லைத்தீவின் வெலிஓயா என்றிருக்க, அதே பாறை, அதே குளத்துப் பாசனம், அதே வெயில் இம்மாவட்டங்கள் அடங்கிய வன்னியிலும் தொடர்வதால் நோயும் தொடர்ந்ததில் வியப்பில்லை.

உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் இணைந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 15 முதல் 70 வயதினரில் 15.1 முதல் 22.9 சதவீதமானோரிடம் நோயைக் கண்டது. பெண்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டாலும் முற்றிய நிலைகளில் ஆண்களே அதிகம் இருந்தனர். கட்மியம், களைநாசினி, கடின நீரிலுள்ள புளோரைட்டு, வெயிலில் உடல் நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. நிக்கராகுவாவின் கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திராவின் உத்தானத்திலும் இதையொத்த நோய் காணப்படுவது கடைசியாகச் சொன்ன கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. கிளைபோசேற் களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடையே நீக்கப்பட்டது. ஒற்றைக் குற்றவாளியைத் தேடும் அவசரத்தில் கொள்கை எவ்வாறு தடுமாறும் என்பதற்கு இது போதிய சான்று.

வன்னியில் கிணற்று நீரை மதிப்பிடுவது நாக்குத்தான்: நல்ல தண்ணீர் அல்லது சவர்த் தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் வெண்படிவு நீரின் கடினத்தன்மையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கிணறுகளில் காணப்படும் அளவுப் புளோரைட்டை நாக்கு அறியாது, கொதிக்கவைத்தாலும் அது போகாது, நீர் ஆவியாகும் அளவுக்குச் செறிவுதான் கூடும். நுண்சவ்வின் ஊடாக அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி உப்புகளைப் பிரிக்கும் ஆர்.ஓ. நிலையங்கள் இதற்கு விடைதான், சவ்வை உரிய காலத்தில் மாற்ற ஆளும் பணமும் இருக்கும்வரை. முறையாகச் சேமித்த மழைநீரில் இந்தப் பிரச்சினையே இல்லை.

வடிகட்டும் முடிச்சுகளைவிட நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையங்களையுமே இந்நோய் முதலில் தாக்குவதால், சிறுநீரில் புரதம் அதிகம் கசிவதில்லை, கால் வீங்குவதில்லை, குருதி அமுக்கமும் தொடக்கத்தில் ஏறுவதில்லை. எனவே சிறுநீர்ப் பட்டிப் பரிசோதனை மட்டும் ஏமாற்றக்கூடும் என்பதையும், குருதியிலுள்ள கிரியற்றினின் அளவே நிலைமையைத் தெளிவாக்கும் என்பதையும் வன்னியின் ஒவ்வொரு கிளினிக்கிலும் எழுதி ஒட்டலாம். நாற்று நட்டு வந்த இடுப்புவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கப்படும் டைக்ளோபெனாக் போன்ற வலிநிவாரணிகள், ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்குள் பாயும் குருதியை மேலும் குறைக்கின்றன.

சிறுநீரகம் கழிவகற்றும் உறுப்பு மட்டுமன்று. செங்குருதிக் கலங்களின் உற்பத்தியைத் தூண்டும் ஓமோனை அதுவே சுரப்பதால், நோய் முற்றும்போது குருதிச்சோகை தோன்றி நடக்கவே மூச்சு வாங்குகிறது; விற்றமின் டி செயற்படு வடிவம் பெறாமல் எலும்பு நலிகிறது; வெளியேறாத பொட்டாசியம் இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடும். அந்நிலையில் எஞ்சுவது மாற்றுச் சிறுநீரகம் அல்லது குருதிச் சுத்திகரிப்பு. பின்னையது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு பிணைந்திருப்பது. உட்கிராமத்து நோயாளிக்கு அதன் பொருள், விடியற்காலைப் பேருந்தும், துணைக்கு வரும் இன்னொருவரின் கூலியிழந்த நாளும் சேர்ந்ததாகும்.