நோய் வரும் வழி எது?

2018ஆம் ஆண்டு மே மாதம். கேரள மாநிலம், கோழிக்கோடு மாவட்டம். அங்கே பேராம்பரா என்று ஓர் ஊர். அதன் அருகே ஒரு கிராமத்தில் ஓர் இளைஞருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில நாட்களில் அவர் இறந்து போனார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் அவருடைய சகோதரர் இறந்தார். உறவுப் பெண் ஒருவரும் இறந்தார். பிறகு தந்தையும் இறந்தார்.

சகோதரருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒரே வீட்டில் அடுத்தடுத்து இப்படி மூளைக் காய்ச்சல் வருமா? அவருடைய இரத்தம் முதலியவற்றைச் சோதனைக்கு அனுப்பினார்கள். புனே நகரில் தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே நோயின் பெயர் உறுதியானது. அதுதான் நிபா.

நிபா எப்படி வருகிறது?

நிபா ஒரு வைரஸ் கிருமி. கண்ணுக்குத் தெரியாது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியா நாட்டில் இதை முதலில் கண்டார்கள். அங்குள்ள ஒரு கிராமத்தின் பெயரே நோய்க்கும் வந்தது. இந்தியாவில் 2001ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்தில் சிலிகுரி நகரில் பரவியது.

பழம் தின்னும் பெரிய வௌவாலின் உடலில் இந்தக் கிருமி வாழ்கிறது. அதன் எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியே வருகிறது. வௌவால் கடித்த பழத்தில் கிருமி இருக்கலாம். திறந்த பானையில் இறங்கும் கள்ளிலும், பதநீரிலும் இருக்கலாம்.

மனிதருக்கு வந்துவிட்டால், அவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றும். நோயாளியின் எச்சில், சளி, சிறுநீர், இரத்தம் ஆகியவை மூலம் தொற்றும். அவர் இருமும்போது மிக அருகில் இருப்பவருக்கும் தொற்றும். தெருவில் நடந்து போவதால் தொற்றாது.

இது கொடிய நோய்தான். நோய் வந்தவர்களில் 100க்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கிறார்கள். இதற்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அப்படியானால் மக்கள் பயந்தது தவறா? இல்லை. பயம் வருவது இயல்பு. பயந்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பயம் செய்த வேலை

கோழிக்கறி தின்றால் நிபா வரும் என்று வதந்தி பரவியது. அது பொய். பழக்கடைகளில் வியாபாரம் படுத்தது. கழுவித் தோல் உரித்துத் தின்னும் நல்ல பழத்தையும் வாங்க ஆள் இல்லை. சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனார்கள்.

பேராம்பரா அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்த நர்சுகள் பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் விலகிப் போனார்கள். ஆட்டோக்காரர்கள் அவர்களை ஏற்ற மறுத்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வேலைக்குப் போக வேண்டும். வழியில் இறக்கிவிட்டால் யார் பார்த்துக்கொள்வது?

இன்னொரு பக்கம் அசட்டுத் துணிச்சலும் இருந்தது. நிபா என்பதே பொய் என்று ஒரு வைத்தியர் சொன்னார். வௌவால் கடித்த பழம் என்று காட்டி, அதைத் தின்று படம் எடுத்துப் பரப்பினார். இதுவும் ஆபத்துதான். அதிகப் பயமும் கெடுக்கும். பயமே இல்லாமையும் கெடுக்கும்.

செவிலியர் லினி

முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் லினி. பேராம்பரா ஆஸ்பத்திரியில் நர்சு. அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவருக்கும் நோய் தொற்றியது. மே 21ஆம் தேதி இறந்தார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள்.

அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. உறவினர் கூடி அழவும் முடியவில்லை. உடனே தகனம் செய்தார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. ஆனால் அது சரியான செயல். இறந்தவர் உடலிலும் கிருமி இருக்கும். உடலைத் தொடுவது, குளிப்பாட்டுவது ஆகியவை மூலம் நோய் பரவும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உடலை உடனே தகனம் செய்தது நோய் வரும் வழியை அடைத்தது. நர்சை ஆட்டோவில் ஏற்ற மறுத்தது எந்த வழியையும் அடைக்கவில்லை. நோயாளிக்குக் கிடைக்கும் உதவியைத்தான் தடுத்தது. முன்னது எச்சரிக்கை. பின்னது பீதி.

வழியை அடைத்தார்கள்

நோயாளிகளைத் தனி வார்டில் வைத்தார்கள். பார்த்துக்கொள்பவர்கள் முகக்கவசமும் கையுறையும் முழு உடையும் அணிந்தார்கள். நோயாளியோடு பழகியவர்கள் யார் யார் என்று தேடிப் பட்டியல் எடுத்தார்கள். பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று தினமும் விசாரித்தார்கள்.

முதல் நோயாளியின் வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. அவைதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். சோதித்தபோது அவற்றில் கிருமி இல்லை. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். பிறகு அந்த வட்டாரத்தில் பழம் தின்னும் வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். சிலவற்றில் கிருமி இருந்தது. அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

அந்த ஆண்டு 19 பேருக்கு நோய் வந்தது. 17 பேர் இறந்தார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். கோழிக்கோடு, மலப்புரம் ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கு வெளியே நோய் பரவவில்லை. ஜூன் மாதத்தில் அடங்கியது.

கேரளத்தில் நிபா பிறகும் வந்தது. 2019இல் ஒரு மாணவருக்கு வந்தது. அவர் குணமடைந்தார். 2023இல் 6 பேருக்கு வந்தது. 2 பேர் இறந்தார்கள். அப்போதும் பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடித்தே பரவாமல் தடுத்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

எல்லா நோயும் ஒரே வழியில் வருவதில்லை. டெங்கு கொசுவால் வருகிறது. காலரா கெட்ட தண்ணீரால் வருகிறது. ஆகவே புதிய நோய் என்று கேட்டதும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. இதைச் சொன்னது யார்? சுகாதாரத் துறையா, வெறும் பேச்சா?
2. இந்த நோய் எந்த வழியில் வருகிறது?
3. நாம் செய்வது அந்த வழியை அடைக்குமா?

நிபா இருக்கும் இடத்தில் செய்ய வேண்டியவை இவை:

பறவையோ வௌவாலோ கடித்த பழத்தைத் தின்னக் கூடாது. நல்ல பழத்தைக் கழுவித் தோல் உரித்துத் தின்னலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வௌவாலைத் தொடக் கூடாது. அதன் மரத்தை வெட்டவும் வேண்டாம். விரட்டினால் அது வேறு ஊருக்குப் போகும்.

காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, மனக் குழப்பம், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோயாளியோடு பழகியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும்.

ஊர் நம்மைத் தள்ளி வைக்கும் என்று பயந்தால் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? காய்ச்சலை மறைத்து வீட்டிலேயே கிடப்பார்கள். நோய் மறைவாகப் பரவும். நோயாளியைத் தனியாக வைக்கலாம். தனிமைப்படுத்திக் கைவிடக் கூடாது. அந்த வீட்டு வாசலில் அரிசியும் பாலும் வைத்துவிட்டு வருவதும் நோயைத் தடுக்கும் வேலைதான்.