துருப்பிடித்த எம்ஜிபி: ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சீரமைத்த குறிப்புகள்

எம்ஜிபி என்றதும் உங்களுக்கு வாத்தியார் நினைவு வந்தால் நான் பொறுப்பல்ல. இது கார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தின் பெயர்ச் சுருக்கம்தான் எம்ஜி. அந்தக் கம்பெனி 1962ல் கொண்டுவந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சின்ன ஊரில் 1980 வரை தயாரித்தார்கள். மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. 1980ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

என்னிடம் இருப்பது 1972ல் செய்த சிவப்பு ரோட்ஸ்டர். துணிக்கூரை, குரோம் பம்பர், 1798 சிசி எஞ்சின். நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். துருப்பிடித்தது என்று தெரிந்தேதான் இதை வாங்கினேன். ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர இரண்டு குளிர்காலம் ஆயிற்று. எவ்வளவு செலவு, எதற்கு இந்த வேலை என்ற இரண்டு கேள்விகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குச் சுவாரசியமாகப் படுவது மூன்றாவது கேள்வி. உற்பத்தி நின்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன ஒரு காரை, வெல்டிங் டார்ச்சையே தொட்டிராத ஒருவன் எப்படி ஓடவைக்க முடிகிறது? இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

துரு எங்கே ஒளிந்திருக்கும்

எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏ காரில் லாரிக்கு இருப்பதுபோல் தனி சேஸிஸ் உண்டு. பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். எம்ஜிபியில் தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் சேஸிஸ். அதிலும் ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லை. அப்படியென்றால் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது? கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற பெட்டி மாதிரியான பாகம். அதற்குப் பெயர் சில். வெளியே ஒரு தகடு, நடுவே ஒரு தகடு, அடியில் காசில் ரெயில் என்று ஒரு மடிப்பு. எல்லாம் சேர்ந்துதான் பலம்.

தண்ணீரும் உப்பும் சேருகிற இடமும் அதுதான். இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். சில்லில் தண்ணீர் வடிவதற்கென்று துளைகள் வைத்திருக்கிறார்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம்.

கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சில் மீது நகர்த்திப் பார்ப்பது. இரும்பில் ஒட்டும், பட்டி பார்த்த இடத்தில் ஒட்டாமல் விழும். இரண்டு, கதவை மூடிவிட்டுப் பின்பக்கம் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்குவது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மேலே குறுகிக்கொண்டே வந்தால் கார் நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம். என் காரில் காந்தமும் விழுந்தது, இடைவெளியும் குறுகியது.

யாரும் சோதிக்காத கார்

இங்கே ஒரு சட்ட விஷயம். பிரிட்டனில் கார்களுக்கு வருஷா வருஷம் எம்ஓடி என்ற பாதுகாப்புச் சோதனை உண்டு. 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு அது கட்டாயம் இல்லை. கார் ஓட்டத் தகுதியாக இருக்க வேண்டியது சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார்.

இதில் சௌகரியமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. அரித்துப்போன சில்லின் மேல் புதுத் தகடு ஒன்றை மூடி ஒட்டவைத்து, பெயின்ட் அடித்து விற்றுவிடலாம். என் காரிலும் முன்பு யாரோ அதைத்தான் செய்திருந்தார்கள். வெளித் தகட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே இன்னொரு வெளித் தகடு, அதற்குள்ளே நடுத் தகட்டின் கீழ்ப்பாதி காணோம்.

அன்றைக்கு கராஜில் மூன்று பேர் இருந்தோம். எம்ஜிபி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "வெளித் தகட்டை மட்டும் மாற்றினால் போதும், வசந்த காலத்திலேயே ஓட்டலாம்" என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை, நிறையக் கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. வெல்டிங் சொல்லிக்கொடுக்க வந்திருந்த பெரியவர் எழுபதைத் தாண்டியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பக்கத்து சீட்டில் யார் உட்காரப்போகிறார்கள்?"

என் மகள். அவளுக்கு ஒன்பது வயது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் அவளுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே இருப்பது கதவும் இந்தச் சில்லும் மட்டும்தான். மூன்று அடுக்கையும் இரண்டு பக்கமும் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஒரு குளிர்கால வேலை இரண்டாக நீண்டது அதனால்தான்.

வெட்டுவதற்கு முன்னால் கட்டு

சில்லை வெட்டியதும் காரை நேராகப் பிடிக்க எதுவும் இருக்காது. அதனால் பெரியவரின் முதல் விதி, வெட்டுவதற்கு முன்னால் கட்டு. கதவு வாசலின் முன் தூணிலிருந்து பின் தூணுக்கு இரும்புக் குழாயைக் குறுக்கே வெல்டு செய்து வாசலை இறுக்கிவிட வேண்டும். காரின் எடை சமமாக இறங்கும்படி தரைமட்டம் பார்த்துத் தாங்குகள் வைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் கார் ஒரு சென்டிமீட்டர் தொய்ந்து அப்படியே வெல்டாகிவிடும். பிறகு ஜென்மத்துக்கும் கதவு மூடாது.

இரண்டாவது விதி, கதவை மாட்டிப் பார்க்காமல் முழு வெல்டு போடாதே. முதலில் அங்கங்கே புள்ளி வெல்டு. கதவை மாட்டி இடைவெளி பார். சரியாக இருந்தால் கழற்றிவிட்டுத் தொடர். அதையும் ஒரே கோடாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இல்லையென்றால் சூட்டில் தகடு நெளியும்.

கடைசியாக, வடிகால் துளைகளைத் திறந்து வைத்து உள்ளே மெழுகு அடிப்பது. முன்பு வேலை பார்த்தவர் அந்தத் துளைகளின் மேலேயே வெல்டு போட்டிருந்தார். புத்தகத்தில் எல்லா வரிசையும் இருக்கிறது. ஆனால் தகடு எந்தச் சத்தத்தில் உருகுகிறது, எந்தச் சத்தத்தில் ஓட்டை விழப்போகிறது என்பது புத்தகத்தில் வராது. பக்கத்தில் நின்று ஒருவர் "இப்போ நிறுத்து" என்று சொல்ல வேண்டும்.

தகடு எங்கிருந்து வருகிறது

மூடிப்போன தொழிற்சாலையின் காருக்குப் புதுத் தகடு எப்படிக் கிடைக்கிறது? பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், பழைய தொழிற்சாலையின் அச்சுகளைத் தேடிச் சேர்த்து 1988ல் எம்ஜிபியின் முழு பாடியையே மறுபடி செய்து விற்க ஆரம்பித்தது. அந்த பாடியை அடிப்படையாக வைத்துத்தான் 1992ல் ஆர்வி8 என்ற புது எம்ஜி காரே வந்தது. அதில் சுமார் இரண்டாயிரம் செய்தார்கள், பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. பழுதுபார்க்கச் செய்த உதிரி பாகத்திலிருந்து ஒரு புதுக் கார் பிறந்தது!

ஆனால் வாங்க ஆள் இருந்தால்தான் அச்சு ஓடும். எம்ஜி கார் கிளப் 1930ல் தொடங்கியது, எம்ஜி ஓனர்ஸ் கிளப் 1973ல். இவற்றைச் சுற்றி இருக்கிற ஆயிரக்கணக்கான ஆட்கள் தங்கள் கார்களைக் குப்பைக்கு அனுப்பாமல் வைத்திருப்பதால்தான் என் சில்லுக்குத் தகடு கிடைத்தது. அபூர்வமான கார் வாங்கினால் பெருமை உண்டு, பாகம் கிடையாது. முதல் தடவை சீரமைக்கிறவர்கள் ஐந்து லட்சம் விற்ற காரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மதுரையிலிருந்து ஒன்பது கணக்கு

எஞ்சின் விஷயத்தில் உதவி வந்தது மதுரையிலிருந்து. எம்ஜிபியில் இருப்பது பிஎம்சி பி-சீரிஸ் எஞ்சின். அதே குடும்பத்தின் 1489 சிசி எஞ்சின்தான் நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடியது. என் மாமா முப்பது வருஷம் அம்பாசடர் பிரித்து மாட்டியவர். வீடியோ காலில் பானெட்டைத் திறந்து காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, ஸ்போர்ட்ஸ் காருன்னே, இது நம்ம எஞ்சின்தானடா" என்று சிரித்தார்.

டேப்பெட் அட்ஜஸ்ட் செய்ய ஒன்பது கணக்கு என்று அவர் சொல்லிக்கொடுத்தது இது. நாலு சிலிண்டர், எட்டு வால்வ். முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுங்கள். எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். ஆறு திறந்திருந்தால் மூன்று. திறந்திருப்பதையும் சரிசெய்வதையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். "கேப் எவ்ளோன்னு உன் வண்டி புக்கைப் பாரு, கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்." புத்தகத்தில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர் என்று இருந்தது. ஃபில்லர் கேஜை இழுக்கும்போது "வெண்ணெயில கத்தி மாதிரி போகணும், வழுக்கவும் கூடாது" என்றார். வெல்டிங் பெரியவரிடம் இந்த வாக்கியத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

நிறம் பார்த்துப் பேசும் வயர்

பழைய பிரிட்டிஷ் கார்களின் எலக்ட்ரிகல் செய்த லூகாஸ் கம்பெனியைக் கிண்டல் செய்யாத ஆள் இங்கே கிடையாது. எங்கள் குழுவில் டெலிபோன் துறையில் வேலை பார்த்த ஒரு அம்மா இருக்கிறார். அவர் கிண்டல் செய்வதில்லை. "வயர் நிறத்தைப் படி, பாதி வேலை முடிந்தது" என்பார். பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும், பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி திருகினால் வருவது. பச்சை, அதே கரன்ட் ஃப்யூஸ் வழியாக. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடுலைட், கறுப்பு எர்த்.

என் காரில் பின்விளக்கு மங்கலாக எரிந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட் காட்டியது. எர்த் பிடிக்கும் இடத்தில் துரு. சுரண்டித் துடைத்து மறுபடி இறுக்கியதும் விளக்கு பளிச். லூகாஸைத் திட்டுகிற கதைகளில் பாதி எர்த் கதைதான் என்பது அவர் கட்சி.

இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களுக்கும் இப்படி ஒரு காது வித்தை உண்டு. ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டிலும் 'உஸ்' ஒரே மாதிரி கேட்டால் காற்று சமமாகப் போகிறது. பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே சரிந்தால் குறைவு, லேசாக ஏறித் திரும்பினால் சரி.

பெட்ரோல் ஹோஸ்களையும் மொத்தமாக மாற்றினோம். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரை அது கெடுக்கும், வெடித்த ஹோஸ் என்றால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல்.

சோதனையும் கடனும்

கார் முடிந்ததும் கட்டாயம் இல்லாத அந்த எம்ஓடி சோதனைக்கு நாங்களே கொண்டுபோனோம். அது எங்கள் குழுவில் எழுதாத சட்டம். சோதிக்க ஆள் வராத இடத்தில் நாமே போய் நிற்க வேண்டும். சோதகர் காரைத் தூக்கி, சில்லை அடிமுதல் நுனிவரை தட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். பாஸ்.

பெரியவரின் கண்ணில் இப்போது புரை விழுந்திருக்கிறது. என் காரின் கடைசி வெல்டுகளை அவர் போடவில்லை. அவர் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுச் சொல்ல, நான் போட்டேன். அதற்கு முன் ஒரு மாதம், என் காரிலிருந்து வெட்டிய பழைய தகட்டின் நல்ல ஓரங்களிலேயே பழக வைத்தார். கூலி என்று எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. "அடுத்த ஆளுக்குச் செய்" என்றார்.

அடுத்த ஆள் வந்தாயிற்று. 1969 மாடல், கல்லூரி படிக்கும் ஒரு பெண், அவள் தாத்தா விட்டுப்போன கார். அவளிடம் நான் முதலில் கொடுத்தது துணி சுற்றிய காந்தம். உங்களுக்கும் பழைய கார் ஆசை இருந்தால் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஆட்களைத் தேடுங்கள், பிறகு காரைத் தேடுங்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காரைப் பாருங்கள்.