இல்லாத காரும் இறக்காத தாத்தாவும்

கணினி தவறாகக் கணக்குப் போட்டால் ஏழை யாரிடம் போய் முறையிடுவது?

2022 செப்டம்பரில் ஹரியானாவின் ரோத்தக் நகரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் நடந்தது. ரூபாய் நோட்டு மாலையோடு ரதத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு வயது 102. மேளதாளத்தோடு வந்தவர்கள் கையில் பிடித்திருந்த அட்டைகள், மாமா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று அறிவித்தன. அரசுப் பதிவேட்டில் அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. முதியோர் பென்ஷன் மார்ச்சிலிருந்தே நின்றுவிட்டது. குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்து, எல்லா நலத்திட்டங்களையும் அதோடு முடிச்சுப் போட்ட மாநிலம் அது. அந்தப் பதிவில் ஒரு வரி தவறினால் எல்லாம் தவறும்.

பத்திரிகைகள் எழுதின, பென்ஷன் திரும்பி வந்தது. ஆனால் நியாயம் கேட்க எல்லோராலும் ரதம் ஏற முடியாது.

தெலங்கானாவில் நடந்தது இதைவிடப் பெரிது. அங்கே 'சமக்ர வேதிகா' என்றொரு மென்பொருள் ஏற்பாடு. வாகனப் பதிவு, மின் இணைப்பு, சொத்து வரி என்று பல துறைகளின் பதிவுகளையும் அடுக்கிவைத்து, பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறவர்களை ஒரே ஆள் என்று முடிவு கட்டும். ஹைதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிய ஒருவரின் குடும்பம் 2016இல் ரேஷன் கார்டை இழந்தது. காரணம், அவர் பெயரில் கார் இருக்கிறதாம். உண்மையில் கார் வைத்திருந்தவர் ஏறத்தாழ அதே பெயருடைய வேறொருவர். ரிக்‌ஷாக்காரர் பின்னர் வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். அவருடைய மனைவி நீதிமன்றம் வரை போய்த்தான் அரிசியைத் திரும்பப் பெற முடிந்தது.

2014க்கும் 2019க்கும் இடையே அந்த மாநிலத்தில் ரத்தான ரேஷன் கார்டுகள் சுமார் 18.6 லட்சம். எவருக்கும் முன்னறிவிப்பு இல்லை. சமூக ஆர்வலர் எஸ்.கியூ. மசூத் தொடுத்த வழக்கில், நேரில் போய் விசாரிக்கும்படி 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. மறுபடி விண்ணப்பித்தவர்கள் 4.9 லட்சம் பேர். அதில் சுமார் 2.05 லட்சம் மனுக்களைப் பரிசீலித்தபோது 15,471 குடும்பங்கள் தகுதியுள்ளவை என்று தெரியவந்தது. நூற்றுக்கு ஏழரை. பரிசீலித்தவர்கள் அதே அரசின் அதிகாரிகள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் செய்தியாளர்கள் அல் ஜஸீராவுடன் சேர்ந்து 2024 ஜனவரியில் இந்த விவரங்களை வெளியிடும்வரை, மென்பொருள் எப்படி முடிவெடுக்கிறது என்பது வெளியே யாருக்கும் சரியாகத் தெரியாது.

மாட்டுப்பட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மூணாறிலிருந்து 13 கிலோமீட்டரில், அணையையும் மாட்டுப் பண்ணையையும் பார்க்க வரும் கூட்டத்துக்கு அப்பால், தேயிலைச் சரிவுகளின் லயங்களில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். பெயர் ஒன்றுதான் என்றாலும் அது எழுதப்படும் விதம் பல. பாட்டன் ஊரில் 'லட்சுமி', எஸ்டேட் ரிஜிஸ்தரில் 'லெட்சுமி', கேரள அரசு ஆவணத்தில் 'லெக்ஷ்மி'. அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். மூன்றையும் ஒருவர் என்று மனிதருக்குப் புரியும். கணினிக்கு மூன்று பேராகத் தெரியலாம். அல்லது தெலங்கானாவில் நடந்ததுபோல, இரண்டு பேரை ஒருவராக்கிவிடலாம்.

கேரளத்தில் முன்னுரிமை ரேஷன் கார்டுக்குச் சில விலக்குகள் உண்டு. அரசு வேலை, வருமான வரி, ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு, நான்கு சக்கர வாகனம். (பிழைப்புக்கான ஒற்றை டாக்ஸிக்குச் சலுகை உண்டு.) தொடர்ந்து மூன்று மாதம் பொருள் வாங்காதவர்களை முன்னுரிமைப் பட்டியலிலிருந்து மாற்றும் வழக்கமும் இருக்கிறது. தகுதியில்லாதவரைக் களையெடுப்பது நியாயமான வேலைதான். ஆனால் பிரசவம், சாவு, திருவிழா என்று தமிழ்நாட்டுக்குப் போய்த் தங்குகிற எஸ்டேட் குடும்பம் அந்த மூன்று மாதத்தில் எளிதாகச் சிக்கும். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காவிட்டாலும் கணக்கில் 'வாங்கவில்லை' என்றுதான் ஏறும். ரேகை சரியாக விழவில்லை என்பதற்காக அரிசியை மறுக்கக்கூடாது என்று மத்திய உணவுத்துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஜார்க்கண்டின் சிம்டேகாவில் ரேஷன் நின்றுபோன வீட்டில் 11 வயதுச் சிறுமி இறந்த பிறகு எழுதிய கடிதம் அது.

இங்கேதான் பாரம் தலைகீழாகிறது. முடிவெடுத்தவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர்தான், தன்னிடம் கார் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இல்லாத காருக்கு எந்த ஆபீஸில் சான்றிதழ் தருவார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்பு விதியின் 22வது பிரிவு, கணினி மட்டுமே எடுத்த முடிவை மனிதர் ஒருவர் பார்க்கும்படி கேட்கும் உரிமையைத் தருகிறது. 2023இல் நிறைவேறிய நம் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. விதி இருந்தும் ஐரோப்பாவில் தவறு நடக்காமல் இல்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்திய விவகாரத்தில் 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்வது அரசு அலுவலகத்தின் கடமை என்கிறது. கணினி எடுத்த முடிவுக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. ஆகவே கார்டைத் திருப்பித் தரும்படி கெஞ்சுவதற்கு முன்னால், மூன்று கேள்விகளை எழுதிக் கொடுப்பது நல்லது: எந்தப் பதிவை வைத்து நீக்கினீர்கள், எந்தத் தேதியில், ஒப்புதல் அளித்த அதிகாரி யார்? வாகனம் என்றால் அதன் பதிவு எண்ணையும் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் கிடையாது. பதில் தர 30 நாள் கெடு. தாலுகா சப்ளை ஆபீஸ் அசையாவிட்டால், 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குறைதீர்ப்பு அதிகாரி, அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம். குறைதீர்ப்பு அதிகாரி பரிந்துரைத்த நிவாரணத்தைத் தகுந்த காரணமின்றித் தராத ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

மலையாளம் எழுதத் தெரியாது என்று தயங்குகிறவர்கள் தேவிகுளத்திலும் பாலக்காடு எல்லையிலும் நிறைய. அவர்களுக்காகவே 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் உள்ளூர் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில்தான் வர வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள மறக்கக்கூடாது. நாள் கணக்கில் தகராறு வந்தால் காட்டுவதற்கு அந்த ஒரு தாள்தான் இருக்கும்.