தக்காளிக்கும் வேண்டும் ஊன்றுகோல்!

மாடியில் தக்காளி போட்டாச்சு. செடியும் மளமளவென்று வளர்ந்து, பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. ஒரு ராத்திரி காற்றும் மழையும்... காலையில் பார்த்தால் செடி தரையோடு படுத்துக் கிடக்கிறது! ‘உரம் பத்தலையோ?’ என்று சந்தேகம் வரும். பாவம், உரம் என்ன செய்யும்? தக்காளித் தண்டுக்கு இயல்பிலேயே வலு கிடையாது. காய் கனத்தால் சாயத்தான் செய்யும்.

சாய்ந்தாலும் காய்க்கும்தான். ஆனால் ஈர மண்ணில் படுகிற காய் அழுகிப்போகும். மழைத்துளி தெறித்து, மண்ணில் இருக்கும் பூஞ்சணம் அடி இலைகளில் ஏறும். வளையம் வளையமாகக் கரும்புள்ளி விழும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்களே... அந்தச் சமயத்தில் தொட்டியில் நாலு காய் அழுகினால் வயிறு எரியுமா, எரியாதா?

நாற்று நடும் அன்றே குச்சியையும் ஊன்றிவிடுங்கள். வளர்ந்த பிறகு குத்தினால் வேர் அறுபடும். பி.கே.எம்.1 போலப் புதராக வளரும் ரகத்துக்கு 3 அடி சவுக்குக் குச்சி போதும். கொடி மாதிரி ஏறும் ரகங்களுக்கு 6 அடி மூங்கில் வேண்டும். தேங்காய் நார்க்கழிவு கலந்த பைகளில் ஒற்றைக் குச்சி ஆடும். ஓரமாக மூன்று குச்சி நட்டு, உச்சியைச் சேர்த்துக் கட்டினால் கூடாரம் போல நிற்கும்.

கட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கம்பியும் நைலான் கயிறும் தண்டை அறுத்துவிடும். பழைய வேட்டி, நூல் புடவையை ஓர் அங்குல அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். நனைத்த வாழைநாரும் நல்லதே. குச்சியில் இறுக்கமாக ஒரு முடிச்சு, பிறகு எட்டு வடிவில் சுற்றித் தண்டை லேசாக அணைத்தபடி ஒரு வளையம். உள்ளே சுண்டுவிரல் நுழைய வேண்டும், தண்டு இன்னும் பருக்குமே! ஒவ்வொரு சாண் வளர்ந்ததும் அடுத்த கட்டு.

கொடி ரகத்தில் இலைக் கணுவில் வரும் பக்கத் துளிரைக் கிள்ளிவிடலாம். புதர் ரகத்தில் கிள்ளினால் மகசூல்தான் குறையும்.

இன்னொன்று, குனிந்து களை எடுக்கும்போது குச்சி முனை கண்ணில் குத்தும் ஆபத்து உண்டு. காலி டானிக் பாட்டில் ஒன்றை முனையில் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது கட்டாயம்.

காய் லேசாக நிறம் திரும்பியதுமே பறித்துவிடலாம். வீட்டுக்குள் வைத்தால் சில நாட்களில் பழுத்துவிடும். செடிக்குப் பாரம் குறையும், அணிலுக்கும் ஏமாற்றம்!