பங்கு யார் பெயரில்?

பட்டினப்பாக்கம் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால், அடையாற்றின் முகத்துவாரத்திற்கு அப்பால் பிரம்மஞான சபையின் தோப்புத் தெரியும். அவ்வடையாற்றில்தான் 1917-ல் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. பெசன்ட் அம்மையார் தலைவர். மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் முன்னின்று உழைத்தார். ஆடவருக்குள்ள வாக்குரிமையை அதே நிபந்தனைகளுடன் பெண்டிர்க்கும் தருக என்று கேட்டனர். 1921-ல் பிரிட்டிஷ் மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை அதனை வழங்கிற்று. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையின் துணைத் தலைவருமானார்.

ஆயினும் அந்நாளில் வாக்கு சொத்தைப் பற்றி நின்றது. நிலமும் வீடும் கணவன் பெயரில் இருந்தபடியால், மிகச் சில பெண்களே வாக்களிக்க இயன்றது. அம்முடிச்சை 1950-ன் அரசியலமைப்புத்தான் அவிழ்த்தது. அதன் பின்னும், முதற் பொதுத்தேர்தலுக்கான பட்டியலில் தம் பெயரைச் சொல்லாது ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் பதிந்த பல லட்சம் பெண்கள் நீக்கப்பட்டனர், பெரும்பாலும் வடநாட்டில்.

நாம் நகைப்பதற்கில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது நம் விதி. ஆனால் ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நான் காண்பது வேறு. மனைவி தார் சுற்றுகிறார், பங்கு கணவன் பெயரில். மனைவி நாற்று நடுகிறார், பட்டா கணவன் பெயரில். மகாசபையன்று அவ்வம்மை வீட்டில் இருக்கிறார். தறியில் தாமே உழைப்பவர் தம் பெயரில் அங்கத்தினராக விண்ணப்பிக்கலாமே! அடுத்த மகாசபைக்கு முன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் விண்ணப்பத் தாள் ஒன்றை வீட்டிற்கு எடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன்.