பழைய கார் வாங்குமுன்: ஆவணம் முதலில், அழகு பிறகு

திருவனந்தபுரம் பட்டம் அரண்மனையில் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல்லாண்டுகள் பேணிவந்த 'சிஏஎன் 42' எண்ணுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் காரை இந்நகரத்தார் பலர் அறிவர். அத்தகைய கார்களின்மேல் ஆசை கொண்டு, அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வாங்க விரும்புவோர் நம் வாடிக்கையாளர்களிலும் உள்ளனர். முதன்முறையாக வாங்குவோர், சேமிப்பிலிருந்து பணம் எடுக்குமுன் நான்கு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

ஆவணங்கள்: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திய அம்பாசிடர்கள் உண்டு, அம்மாற்றம் ஆர்.சி.யில் ஏறியுள்ளதா எனப் பாருங்கள். என்றோ அடைத்த கடனின் அடமானக் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் தேவைப்படும். ஆர்.சி.யில் பெயருள்ளவர் காலமாகியிருப்பின், வாரிசுகள் தம் பெயருக்கு மாற்றிய பின்னரே வாங்குவது நலம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கிய காரைப் பன்னிரண்டு மாதங்களுக்குமேல் கேரளத்தில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கான தடையின்மைச் சான்றை விற்பவர் வழியாக முன்னதாகவே பெறுங்கள்.

பதிவு: சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பின்னர் தகுதிச் சோதனையுடன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் தனி 'வின்டேஜ்' பதிவுமுறை வந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்தாண்டு செல்லும். ஆனால் இப்பதிவு பெற்ற காரை அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ ஓட்ட இயலாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே அனுமதி உண்டு. ஆகவே ஓட்டுவதற்கா, காத்து வைப்பதற்கா என்பதை வாங்குமுன்னரே தீர்மானியுங்கள்.

பணம்: பயன்படுத்திய கார்களுக்கான கடனில் காரின் வயதிற்கு வரம்பு உண்டு, நாற்பதாண்டுக் காருக்கு அக்கடன் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தனிநபர் கடனின் வட்டியோ அதிகம். கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், மூன்றிலொரு பங்கையேனும் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கி வைப்பதே எமது ஆலோசனை. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். ஐந்தாண்டைக் கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதாகும். எனவே புகைப்படங்களையும் பழுதுபார்த்த ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

பராமரிப்பு: இரு பருவமழையும் கடற்காற்றும் உள்ள இந்நகரில் துருவே முதற்பகை. புதிய வண்ணப்பூச்சைக் கண்டு மயங்காமல், நம்பிக்கையான மெக்கானிக்குடன் சென்று, கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டையும் கதவின் அடிவிளிம்பையும் பாருங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். குழாய்களை மாற்றுங்கள், பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் தேங்க விடாதீர்கள்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எஞ்சியுள்ளவற்றில் தகடு கெட்டதைக்கூடச் செலவு செய்து சீராக்கலாம். ஆவணம் பொருந்தாத காரோ உங்கள் பெயருக்கு மாறாமல், போட்ட பணத்தையும் முடக்கிவிடும். எனவே முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி. நகலுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்து அறியுமாறு கேட்டுக்கொள்கிறோம்.