லின்டியனுக்கு வைக்கும் தேர்வு

அடையாறு பகுதியை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிள் பக்கம் விமானவியல் துறை இருக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடியது அங்கேதான். டெபியன் லினக்ஸ் அந்த வட்டாரத்துக்கு நன்றாகப் பழகிய பெயர்.

டெபியனுக்கு வரும் மென்பொருள் பொதிகளைப் புரட்டிப் பார்த்துக் குறை சொல்லும் கருவி லின்டியன். 1998-ல் கிறிஸ்டியன் ஷ்வார்ஸும் ரிச்சர்ட் பிராக்மேனும் பெர்ல் மொழியில் தொடங்கியது. இந்த வகைக் கருவிகளை லின்ட்டர் என்பார்கள். முன்னோடி, 1978-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய லின்ட். நிரலை ஓட்டாமல், வாசித்தே சந்தேகப்படுவது இவற்றின் வேலை.

குறை சொல்பவரிடமே குறை இருந்தால்? லின்டியனோடு ஒரு சோதனைத் தொகுப்பும் சேர்ந்தே வருகிறது. வேண்டுமென்றே தப்பும் தவறுமாகக் கட்டிய குட்டிப் பொதிகள் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் லின்டியன் என்ன சொல்ல வேண்டும் என்பது ஒரு கோப்பில் எழுதியிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் தேர்ச்சி.

இந்தச் சோதனைகளை மேம்படுத்தி யாராவது பேட்ச் அனுப்பினால், ரிவ்யூ செய்பவர் எதைப் பார்க்க வேண்டும்? தேர்ச்சியா இல்லையா என்பதைக் கணினியே சொல்லிவிடும். அதற்கு ஆள் தேவையில்லை. சோதனை நிஜமாகவே எதையாவது சோதிக்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்க்க வேண்டும். பொதி விவரணையில் எழுத்துப்பிழை பிடிக்கும் விதியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில 'ரிசீவ்' சொல்லில் இ-க்கு முன் ஐ வந்துவிட்டால் லின்டியன் எச்சரிக்க வேண்டும். அந்த விதியைச் சற்று நேரம் நீக்கிவிட்டு ஓட்டினால் புதிய சோதனை தோற்கிறதா? தோற்காவிட்டால் அது எதையுமே சோதிக்கவில்லை. உஸ்மான் சாலை நகைக்கடைத் தராசு காலியாக இருக்கையில் பூஜ்யம் காட்டினால் மட்டும் முத்திரை ஆய்வாளர் ஒப்புக்கொள்வாரா? தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார்.

பிழையில்லாத பொதியும் ஒன்று வேண்டும். அதைப் பார்த்து லின்டியன் வாய் திறக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான சோதனை. வீண் புகார் நாலு வந்தால், ஐந்தாவதாக வரும் நிஜப் புகாரை யாரும் படிக்க மாட்டார்கள்.

அதிகம் ஏமாற்றுவது எதிர்பார்ப்புக் கோப்பு. சோதனை தோற்றதும், லின்டியன் இப்போது சொன்னதையே நகலெடுத்து அதில் ஒட்டிவிடலாம். அரை நிமிட வேலை, எல்லாம் தேர்ச்சி! பிழையும் அதோடு அதிகாரபூர்வமாகிவிடும். அதனால் அந்தக் கோப்பில் மாறிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்க வேண்டும்: டெபியன் கொள்கைக் கையேட்டில் விதி மாறியதா, லின்டியன் உளறுகிறதா? விதி மாறியிருந்தால் கையேட்டின் பிரிவு எண்ணைக் குறிப்பில் எழுதச் சொல்லலாம். உளறல் என்றால் பேட்ச் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.